லாரிக்குள்ள இருக்குற சூடு - பெட்டிக்கும் ஆளுக்கும்

எங்க ஊர்ப் பக்கம் ஒரு பழக்கம் உண்டு. வீட்டுல ஒருத்தன் சால்டரிங் அயர்ன் பிடிச்சுட்டான்னு தெரிஞ்சா போதும், மிக்ஸியில இருந்து மோட்டார் ஸ்டார்ட்டர் வரைக்கும் எல்லாம் அவன் வாசல்ல வந்து நிக்கும். நானும் அப்படித்தான். பொழைப்புக்கு வேற வேலை, பொழுதுபோக்குக்கு ரேடியோ. கள்ளக்குறிச்சியில சொந்தக்காரங்க லாரி, டெம்போன்னு நாலஞ்சு வண்டி ஓட்றதால எனக்கு வர்ற கேஸ்ல பாதி லாரி செட்டுங்கதான். பாட்டுப் பெட்டி பாடல, டிஸ்ப்ளே கறுத்துப் போச்சு, சார்ஜர் பொசுங்கிருச்சு, இப்படி.

போன வருஷம் மே மாசம் எங்க மாமா ஒரு புது கேஸ் கொண்டாந்தார். அம்மா கூடப் பொறந்தவர். முப்பது வருஷமா ஸ்டியரிங் பிடிக்கிறவர். இப்போ சொந்தமா ஒரு பழைய ஆறு சக்கர லாரி வச்சு, கல்வராயன் மலையில இருந்து மரவள்ளிக் கிழங்கும் சில சமயம் கடுக்காயும் இறக்கிட்டு இருக்கார். கச்சிராயபாளையம், கோமுகி அணை எல்லாம் தாண்டி மேல ஏறிட்டா சில வளைவுகள்ல செல்போன் சிக்னல் சுத்தமாப் போயிடும். அந்த மாதிரி ஒரு இடத்துல மத்தியானம் வண்டியில தண்ணி ஹோஸ் வெடிச்சு நின்னுட்டார். கண்ணாடியில ஸ்டாண்டு போட்டு மாட்டியிருந்த போன், வெயில்ல சூடேறி தானாவே அணைஞ்சு கிடக்கு. எழுந்தாலும் சிக்னல் இல்லை. கிளீனர் பையன்தான் நடந்து போய் ஆள் கூட்டி வந்திருக்கான். அது வரைக்கும் ரெண்டரை மணி நேரம் இவரு கேபின்லயும் வண்டி நிழல்லயும் மாறி மாறி உக்காந்து, கடைசியில தலை சுத்தி வாந்தி எடுத்திருக்கார்.

வீட்டுக்கு வந்ததும் அவர் கேட்டது ஒண்ணே ஒண்ணுதான். "மாப்ள, இங்கிலீஷ் படத்துல லாரிக்காரனுங்க மைக்கை கையில வச்சுக்கிட்டு பேசிக்கினே போவானுங்களே, அந்தப் பெட்டி ஒண்ணு வாங்கிக் குடுடா."

அவர் சொல்றது சி.பி. ரேடியோ. சிட்டிசன்ஸ் பேண்ட். அதைப் பத்தி அவருக்கு நான் சொன்னது, அப்புறம் அவரு எனக்குச் சொன்னது ரெண்டையும்தான் இங்க எழுதறேன்.

மொதல்ல கொஞ்சம் கதை. அமெரிக்காவுல 27 மெகா ஹெர்ட்ஸ் பக்கம் சாதாரண ஜனங்களுக்குன்னு இந்த அலைவரிசையைத் திறந்துவிட்டது 1958-ல. அது லாரிக்காரங்க கைக்குப் பெரிசா வந்தது 1973 எண்ணெய் நெருக்கடி அப்போ. டீசல் எங்க கிடைக்குது, புதுசா வந்த 55 மைல் வேகக் கட்டுப்பாட்டுக்கு போலீஸ் எங்க மறைஞ்சு நிக்குதுன்னு ஒருத்தருக்கொருத்தர் சொல்லிக்க இதைத்தான் பிடிச்சுக்கிட்டாங்க. 1977-ல சேனல் 23-ல இருந்து 40 ஆச்சு. 19-ம் சேனல் நெடுஞ்சாலை ஆட்களுக்கு, 9-ம் சேனல் ஆபத்துக்கு. 4 வாட்தான் அனுமதி. நம்ம வீட்டு எல்.ஈ.டி. பல்பை விடக் கம்மி :-) ஆஸ்திரேலியாவுல லாரிக்காரங்க 477 மெகா ஹெர்ட்ஸ் பக்கம் போய், அங்க 40-ம் சேனல்ல பேசிக்கிறாங்க.

நம்ம ஊர்ல? 1933-ல வந்த வயர்லெஸ் சட்டம், அனுமதி இல்லாம ஒரு வயர்லெஸ் கருவியை வச்சிருக்கிறதையே குத்தம்னு சொன்னது. 2005-லதான் 26.957-ல இருந்து 27.283 மெகா ஹெர்ட்ஸ் வரைக்கும் லைசென்ஸ் வேண்டாம்னு விதி வந்தது. 5 வாட்டுக்குள்ள இருக்கணும். ஆனா அதுல ஒரு கொக்கி வச்சிருக்காங்க: ஆண்டெனா செட்டோட சேர்ந்தே இருக்கணும். 27 மெகா ஹெர்ட்ஸுக்குக் கால் அலை ஆண்டெனான்னா சுமார் 2.7 மீட்டர் நீளம். லாரிக்காரன் அதைச் சுருக்கி, கண்ணாடி ஸ்டாண்டுல கட்டி, வெளிய நீட்டினாத்தான் ஏதோ கேக்கும். அதைச் செய்தா விதிவிலக்குக்கு வெளிய போயிடுவோம். ஹாம் லைசென்ஸ் வாங்கலாமேன்னு கேப்பீங்க. வாங்கலாம், ஆனா அதுல வியாபாரப் பேச்சு பேசக் கூடாது. "கிழங்கு ஏத்தியாச்சு, மில்லுல சொல்லிரு"ன்னா அதுவே வியாபாரம்தான்.

இன்னொரு சிக்கல், மலை. இந்த அலைவரிசை சமவெளியில லாரிக்கு லாரி சில கிலோமீட்டர் போகும். நடுவுல ஒரு மலை முகடு நின்னா அதோட சரி. ஆனா சூரியனோட ஆட்டம் அதிகமா இருக்குற வருஷங்கள்ல இதே 27 மெகா ஹெர்ட்ஸ் மேல போய் அயனி மண்டலத்துல பட்டுத் திரும்பி ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் தள்ளி எறங்கும். அதாவது வெள்ளிமலையில இருந்து பேசினா கச்சிராயபாளையத்துல கேக்காது, நேரம் நல்லாயிருந்தா ரஷ்யாவுல கேக்கலாம். மாமா ஹோஸ் வெடிச்சதை அவங்ககிட்டச் சொல்லி என்ன பண்றது?

எல்லாத்துக்கும் மேல, இந்தப் பக்கம் பேசினா அந்தப் பக்கம் கேக்க ஆள் வேணும். மலைப் பாதையில எதிர்ல வர்ற வண்டியில இந்தப் பெட்டி இல்லைன்னா மைக்கும் ஒண்ணுதான், மண்வெட்டிக் காம்பும் ஒண்ணுதான்.

மாமா விடல. "சட்டத்தை விடு. வாங்கி மாட்டினா உழைக்குமா, உழைக்காதா?" அப்படின்னார். இது லாரிக்காரரோட கேள்வி. அவங்களுக்கு எந்தச் சாமானா இருந்தாலும் இந்த ஒண்ணுதான் கணக்கு.

எனக்கும் அதுதான் பிடிச்ச கேள்வி. ஒரு ஆட்டோ எலக்ட்ரீஷியன் அண்ணன் கடையில ஒரு அட்டைப் பெட்டி நிறைய செத்துப் போன லாரி செட்டுங்க கிடக்கும். சி.பி. இல்லை, பாட்டுப் பெட்டிங்க, சார்ஜருங்க, கன்வெர்ட்டருங்க. ஆனா உள்ள இருக்குற சாமான் ஒரே ஜாதி. ஞாயித்துக்கிழமை உக்காந்து ஒவ்வொண்ணா பிரிச்சேன். எதனால செத்துதுன்னு பாத்தா, ஒரே ஆள்தான் வேற வேற வேஷத்துல வந்திருக்கான். அவன் பேரு சூடு.

மொதல் வேஷம்: கண்டென்சர். உள்ள திரவம் வச்ச அந்த உருளைங்க. மேல "85" ன்னு போட்டிருக்கும், அதாவது 85 டிகிரி வரைக்கும் தாங்கும். சரி, எவ்வளவு நாள் தாங்கும்? அதுதான் யாரும் பாக்கறதில்லை. சாதாரண ரகம் 85 டிகிரியில 2000 மணி நேரம். பத்து டிகிரி குறைஞ்சா ஆயுள் ரெண்டு மடங்குன்னு ஒரு தோராயக் கணக்கு உண்டு. 75-ல 4000 மணி, 65-ல 8000, 45-ல 32,000. ஒரு நாளைக்குப் பத்து மணி நேரம் ஓடுற லாரியில, பெட்டிக்குள்ள 75 டிகிரி இருந்தா 400 நாள்ல கதை முடிஞ்சுது. அதே பெட்டியை 45-ல வச்சிருந்தா எட்டு வருஷத்துக்கும் மேல. "அந்தக் காலத்து சாமான் உழைச்சுது, இப்போ வர்றதெல்லாம் குப்பை"ன்னு நாம பேசறதுல பாதி, சாமானை எங்க வச்சோம்ங்கிற கதைதான்.

ரெண்டாவது வேஷம்: ஈயம். போர்டுல வச்ச ஒவ்வொரு ஈயப் பொட்டும் பகல்ல விரியுது, ராத்திரி சுருங்குது. போர்டு ஒரு அளவுக்கு விரியும், கம்பி ஒரு அளவுக்கு விரியும், ஈயம் இன்னொரு அளவுக்கு. தினமும் இந்த இழுபறி நடந்தா கால் சுத்தி மயிரிழை மாதிரி ஒரு வட்ட விரிசல் விழும். அதுக்கு மேல லாரியோட குலுக்கல் வேற. நம்ம ஊர் வேகத்தடையை நினைச்சுப் பாருங்க. செட்டு பாடும், நிக்கும், தலையில ஒரு தட்டு தட்டினா மறுபடி பாடும். எல்லா டிரைவருக்கும் தெரிஞ்ச வைத்தியம்தான். தட்டினதுல விரிசல் ஒட்டிக்குது, அவ்வளவுதான். லென்ஸ் வச்சுப் பாத்து அந்தப் பொட்டை மறுபடி உருக்கி விட்டாப் பாதி செட்டு பொழைச்சுக்கும்.

மூணாவது வேஷம் எனக்கு ரொம்பப் பிடிச்சது: 24 வோல்ட். அமெரிக்க லாரிங்க பெரும்பாலும் 12 வோல்ட். சி.பி. செட்டு, பாட்டுப் பெட்டி எல்லாம் அதுக்குன்னே பொறந்தது. நம்ம பெரிய லாரிங்கள்ல பலதும் ரெண்டு 12 வோல்ட் பேட்டரியை வரிசையா சேர்த்த 24 வோல்ட். அப்போ 12 வோல்ட் செட்டை எப்படி ஓட்டறது? ரெண்டு வழி வச்சிருக்காங்க.

ஒண்ணு, ஒரு பேட்டரியில இருந்து மட்டும் ஒயரை இழுத்துக்கிறது. காசு செலவில்லை. ஆனா அந்த ஒரு பேட்டரி மட்டும் தினமும் கொஞ்சம் காலியாகும். டைனமோ ரெண்டையும் ஒண்ணா நினைச்சு சார்ஜ் ஏத்தும். காலியான பேட்டரிக்கு எப்பவும் பத்தாது, நிறைஞ்ச பேட்டரி அதிகமா வாங்கிக் கொதிக்கும். சில மாசத்துல ரெண்டு பேட்டரியும் போச்சு. பாட்டுக் கேட்ட செலவு பேட்டரி கடையில வந்து நிக்கும்.

ரெண்டாவது, மலிவான இறக்கி ஒண்ணை நடுவுல போடறது. பவர் டிரான்சிஸ்டர் வச்சது. இது வோல்ட்டைக் குறைக்கிற முறை எப்படின்னா, வேண்டாத வோல்ட்டை சூடா மாத்திக் கொட்டிடும். வண்டி ஓடும்போது 27.6 வோல்ட் வருது, செட்டுக்கு வேண்டியது 13.8. மிச்சம் 13.8. செட்டு 2 ஆம்பியர் இழுத்தா 27.6 வாட் சூடு. என் கையில இருக்குற சால்டரிங் அயர்ன் 25 வாட். புரியுதுங்களா? ஈயத்தை உருக்குற ஒரு சாமானை டாஷ்போர்டுக்கு அடியில நாள் முழுக்கச் சொருகி வச்சுட்டு, செட்டு ஏன் சூடாகுதுன்னு கேட்டுட்டு இருக்கோம்!

சி.பி. மாதிரி பேசற பெட்டியா இருந்தா இதுக்கு மேல ஒரு அடுக்கு. மைக்கை அழுத்திப் பேசும்போது ஒன்றரை ஆம்பியர் இழுக்குதுன்னு வச்சுக்குவோம். சுமார் 20 வாட் உள்ள போகுது, 4 வாட் ஆண்டெனா வழியா வெளிய போகுது. மிச்சம் பதினாறு பெட்டிக்குள்ளயே சூடாத் தங்கும். ஆண்டெனா நீளம் சரியில்லை, இல்ல பாடியோட எர்த் சரியாப் பிடிக்கலைன்னா, வெளிய போகவேண்டிய அந்த நாலு வாட்லயும் ஒரு பங்கு திரும்பி வந்து கடைசி டிரான்சிஸ்டர் தலையில விழும். அமெரிக்காவுல செத்த சி.பி. செட்டுங்கள்ல அடிக்கடி போற சாமான் இந்தக் கடைசி டிரான்சிஸ்டர்தான். மைக் ஒயர் அறுந்து போறது இன்னொண்ணு. 4 வாட் போதாதுன்னு அங்க சிலர் திருட்டுத்தனமா பவரை ஏத்திக்குவாங்க, அப்புறம் பின்னாடி குட்டி ஃபேன் வச்சு ஊதுவாங்க. மனுஷ புத்தி எல்லா ஊர்லயும் ஒண்ணுதான்.

நாலாவது, பேட்டரி டெர்மினல். குலுக்கல்ல லூசாகி, டைனமோ ஓடிக்கிட்டு இருக்கும்போதே ஒரு நொடி கழண்டா 24 வோல்ட் வண்டியில 100 வோல்ட்டுக்கு மேல ஒரு துள்ளு துள்ளும். அந்த ஒரு துள்ளல்ல செட்டு காலி. அட்டைப் பெட்டியில கிடந்ததுல சிலதுக்கு இதுதான் காரணம்னு எனக்கு சந்தேகம். கருகின மூஞ்சி அப்படி இருந்துச்சு.

அஞ்சாவது, தூசி. கிழங்கு மண்ணும் மக்காச்சோளத் தூசியும் ஹீட் சிங்க் இடுக்குல அடைஞ்சு போய்க் கம்பளி போத்தின மாதிரி ஆயிடுது. சூடு எங்க போகும்?

இதெல்லாம் பிரிச்சுப் பாத்து, ஒரு காகிதத்துல எழுதி, மாமாகிட்டப் போய் ஒரு மணி நேரம் பேசினேன். பொறுமையாக் கேட்டார். "சரி, என் கேபின்ல எவ்ளோ சூடு வரும்னு சொல்லு"ன்னார்.

அடுத்த நாளே மீட்டர் எடுத்துட்டுப் போனேன். சுட்டி அமுக்கினா சூடு காட்டற துப்பாக்கி மாதிரி மீட்டர் ஒண்ணு, சாதா தெர்மாமீட்டர் ஒண்ணு. மத்தியானம் ஒரு மணி. லாரி வெயில்ல நிக்குது, ரெண்டு கதவும் சாத்தியிருக்கு. டாஷ்போர்டு மேல் தகடு 71 டிகிரி. பல சி.பி. செட்டுங்களோட விவரச் சீட்டுல 60, இல்ல 65 டிகிரி வரைக்கும்தான் வேலை செய்யும்னு போட்டிருப்பான். அதாவது மைக்கைத் தொடுறதுக்கு முன்னாடியே எல்லை தாண்டியாச்சு. போன் கதையும் இதேதான். ஐபோனை 35 டிகிரி வரைக்கும் சுத்துப்புறச் சூட்டுல பயன்படுத்தச் சொல்லி கம்பெனியே எழுதியிருக்கு. மே மாசம் எங்க ஊர்ல மரத்தடியிலயே அதைத் தாண்டிடும். லித்தியம் பேட்டரி ரொம்ப சூடானா சார்ஜை நிறுத்திக்கும், அதுக்கும் மேல போனா போனே தன்னை அணைச்சுக்கும். அது கெட்டுப் போறதில்லை, தன்னைக் காப்பாத்திக்கிறது.

இதைத்தான் நான் சாதாரணமாச் சொன்னேன். "போன் நல்லாத்தான் இருக்குது மாமா. சூடு தாங்கலைன்னா அதுவே அணைஞ்சுக்கும். அப்படித்தான் செஞ்சிருக்காங்க."

மாமா சிரிச்சுக்கிட்டே கேட்டார். "பெட்டி சூடானா அணைஞ்சுக்கும். ஓட்றவன் சூடானா என்னடா பண்ணுவான்? அதுக்கு எவனாவது மீட்டர் வச்சிருக்கானா?"

கோபமா கேக்கல. சும்மா, பீடியை அணைச்சுக்கிட்டே. எனக்குத்தான் பதில் வரல. அந்த மீட்டர் என் கையிலதான் இருந்துச்சு. ஆனா டாஷ்போர்டு, இறக்கி, பெட்டி பின்பக்கம் எல்லாத்தையும் அளந்தவன், சீட்டை அளக்கணும்னு தோணல. சரின்னு வண்டியை எடுக்கச் சொல்லி, கிளீனர் சீட்டுல நான் உக்காந்து கள்ளக்குறிச்சியில இருந்து சின்னசேலம் வரைக்கும் போய் வந்தோம். தெர்மாமீட்டரை டிரைவர் சீட்டு ஓரமா, நெஞ்சு உயரத்துல கட்டித் தொங்க விட்டிருந்தேன். வெளிய 39. உள்ள, கண்ணாடி எல்லாம் இறக்கி விட்டு ஓடும்போதே 46. இன்ஜின் மேல மூடியிருக்குற பானட் பக்கம் காலுக்கிட்ட 52. காத்து வருதேன்னு நினைப்போம். உடம்பு 37 டிகிரி. 46 டிகிரி காத்து அடிச்சா அது உடம்பைக் குளிர வைக்காது, உடம்புக்குச் சூட்டை ஏத்தும். வேர்வை காயறது ஒண்ணுதான் உடம்புக்கு இருக்குற ஹீட் சிங்க். அதுக்குத் தண்ணி வேணும். டிரைவருங்க தண்ணி குடிக்க மாட்டாங்க. ஏன்னு கேட்டா, "வண்டியை நிறுத்த எடம் வேணும்ல" அப்படிம்பாங்க.

அப்புறம் உக்காந்து கொஞ்சம் தேடிப் படிச்சேன். 1961-ல வந்த மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம், ஒரு நாளைக்கு எட்டு மணி நேரம், வாரத்துக்கு 48 மணி நேரம்னு சொன்னது. அதுல எத்தனை டிகிரியில எட்டு மணி நேரம்னு கிடையாது. கண்டென்சரோட விவரச் சீட்டுலயாவது "85 டிகிரி, 2000 மணி" ன்னு ரெண்டையும் சேர்த்துப் போட்டிருக்கான்.

2023 டிசம்பர்ல மத்திய அரசு ஒரு அறிவிப்பு விட்டது. 3.5 டன்னுக்கு மேல இருக்குற சரக்கு வண்டிங்க, அவங்க பாஷையில என்-2, என்-3 ரகம், 2025 அக்டோபர் 1-ல இருந்து தயாராகறதுக்கெல்லாம் டிரைவர் கேபின்ல ஏ.சி. இருக்கணும். 2025-ல பெரிய கம்பெனிங்க ஏ.சி. கேபினோட வண்டி இறக்கினாங்க. நல்ல விஷயம், உண்மையிலேயே நல்ல விஷயம். பாடி கட்டறதுக்கு வெறும் சேஸிஸை, கதவு கூட இல்லாம, மூஞ்சில துண்டைக் கட்டிக்கிட்டு ஓட்டிட்டுப் போற டிரைவர்களை நாம எல்லாரும் ரோட்டுல பாத்திருக்கோம். அந்தக் காலத்துல இருந்து இங்க வந்து சேர இவ்வளவு நாள் ஆகியிருக்கு.

ஆனா அது புது வண்டிக்கு. மாமா வண்டி மாதிரி பழைய வண்டிங்க எத்தனை வருஷம் ரோட்டுல ஓடப் போகுதோ, அத்தனை வருஷமும் அந்த 46 டிகிரியும் ஓடும். பழைய வண்டிக்கு ஏ.சி. வச்சுக்கலாமேன்னு மாமாகிட்டக் கேட்டேன். "மைலேஜை யாரு குடுப்பா? கிழங்கு வாடகையில ஏ.சி. போட்டா நான் குளிர்ல படுத்துக்கலாம், வண்டி சேட்டு வீட்டுல படுத்துக்கும்" அப்படின்னார். தவணை கட்டறவர் சொல்றதை நான் எப்படி மறுக்கறது?

அதனால சி.பி. ரேடியோவை அந்தக் காகிதத்தோட மூடி வச்சுட்டு, கையில இருக்குறதை வச்சு என்ன செய்யலாம்னு பாத்தோம். மூணு ஞாயித்துக்கிழமை வேலை.

பழைய இறக்கியைக் கழட்டிட்டு ஸ்விட்சிங் ரக கன்வெர்ட்டர் போட்டேன். இது மிச்ச வோல்ட்டைச் சூடாக் கொட்டாது. முன்ன கை வைக்க முடியாம கொதிச்ச இடம் இப்போ வெதுவெதுப்பு, அவ்வளவுதான். பேட்டரி நடுவுல இருந்து இழுத்திருந்த ஒயர் ரெண்டையும் அறுத்து எறிஞ்சேன். டெர்மினலைச் சுரண்டி, வாசலின் தடவி, முறுக்கினேன். பாட்டுப் பெட்டியை டாஷ்போர்டு மேல இருந்து எடுத்து, வெயில் படாம கிளீனர் பக்கம் கீழ, பின்னாடி ரெண்டு விரல் இடம் விட்டு மாட்டினேன். போன் ஸ்டாண்டைக் கண்ணாடியில இருந்து கழட்டி, காத்து வர்ற பக்க ஜன்னல் ஓரமா, நிழல்ல வச்சாச்சு.

கேபின் கூரைக்கு வெள்ளைப் பெயிண்ட் ரெண்டு கோட். உள்பக்கம் மெல்லிய தெர்மோகோல் அட்டை, அதுக்கு மேல ரெக்ஸின். பானட் மேல பழைய கார்ல இருந்து எடுத்த ஃபெல்ட், அதுக்கு மேல கெட்டி மிதியடி. சீட்டு பின்னாடி அஞ்சு லிட்டர் தண்ணி கேன், ஈரச்சாக்கு சுத்தினது. அதே மாதிரி ஒரு மத்தியானம், வெளிய 39 இருக்கும்போது மறுபடி அளந்தேன். நெஞ்சு உயரத்துல 41. கால் பக்கம் 44. ஏ.சி. ஆகாது. ஆனா அஞ்சு டிகிரி அஞ்சு டிகிரிதான். கண்டென்சர் கணக்குல பாத்தா ஆயுள் கிட்டத்தட்ட ஒன்றரை மடங்கு ஆகுமேன்னு மாமாகிட்டச் சொன்னேன். "எனக்கா, பெட்டிக்கா?"ன்னார்.

சிக்னல் இல்லாத இடத்துக்கு என்ன வழி? அதுக்கு மாமாவே ஒரு வழி பண்ணிட்டார், வயர்லெஸ் இல்லாம. மலைக்குப் போற நாலு வண்டிக்காரங்க பேசி வச்சுக்கிட்டாங்க. மேல ஏறும்போது கச்சிராயபாளையத்துல ஒரு டீக்கடையில சொல்லிட்டுப் போறது, இன்ன நேரத்துக்குள்ள எறங்கலைன்னா அடுத்து ஏறுற வண்டி பாத்துக்கிட்டே போறது. எதிர்ல வர்ற வண்டிக்காரர் கையைக் காட்டி நிறுத்தி, எந்த வளைவுல எந்த வண்டி நிக்குதுன்னு சொல்றது. முன்ன எல்லாம் இப்படித்தான் இருந்துச்சாம், செல்போன் வந்ததும் விட்டுப் போச்சாம். சூட்டுல அணையாத ஏற்பாடு :-)

ரேடியோ ஆசை எனக்கு இன்னும் போகல. ஆனா இப்பெல்லாம் யாராவது லாரி செட்டு கொண்டாந்தா, பிரிக்கறதுக்கு முன்னாடி வண்டிக்குள்ள ஏறி டிரைவர் சீட்டுல தெர்மாமீட்டரைத் தொங்க விடறேன். பெட்டிக்கு என்ன வியாதின்னு பாதி அதுலயே தெரிஞ்சுடுது. மீதி பாதி, டிரைவர்கிட்டச் சொல்லி அனுப்பறேன்.

கொசுறு: லாரி ஓட்றவங்க வீட்டுல இருந்தா இதைக் காதுல போட்டு வைங்க. வெயில்ல தலைவலி, தலை சுத்தல், வாந்தி, கால் குடைச்சல் வந்தா வண்டியை ஓரங்கட்டி நிழலுக்குப் போகணும், உப்புப் போட்ட மோரோ தண்ணியோ கொஞ்சம் கொஞ்சமாக் குடிக்கணும். பேச்சு குழறி, சம்பந்தமில்லாம உளறி, தோல் நெருப்பாக் கொதிச்சா அது வெப்பப் பக்கவாதம், உயிருக்கு ஆபத்து. வேர்வை இருந்தாலும் சரி, நின்னு போனாலும் சரி. உடம்பு பூரா தண்ணியை ஊத்தி விசிறிக்கிட்டே 108-ஐக் கூப்பிடணும். நினைவு சரியில்லாதவங்க வாயில தண்ணி ஊத்தக் கூடாது. செட்டைத் தட்டிப் பாக்கற மாதிரி ஆளைத் தட்டிப் பாத்துட்டு "ஒண்ணுமில்ல, ஓட்டு"ன்னு சொல்றது மட்டும் வேண்டாம்.

இன்னொரு கொசுறு: வெள்ளைக் கூரையைப் பாத்து மில்லுல எல்லாரும் "என்னாண்ணே, பால் வண்டியா?"ன்னு ஓட்டினாங்களாம். போன வாரம் அதுல ஒருத்தர், எந்த பெயிண்ட், எத்தனை லிட்டர் ஆச்சுன்னு எனக்குப் போன் பண்ணார்.